ஐஸ் கம்பெனி ரோஷனுக்கு ஒரு தட்டு மீன் குழம்பு

லாத்தா, பூண்டு உரித்த கையோடு உங்களுக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால் பேசுகிறேன், போன் எழுத்தாக்கிக்கொள்கிறது. பிழையை மகள் பார்த்துக்கொள்வாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இது போதாதா? அடுப்பில் சங்கரா மீன் கொதிக்கிறது. விரலை மோந்து பார்த்தேன், உங்கள் ரோஷன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

ஜெகதாப்பட்டினத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் எனக்குப் பக்கத்து இடம் உங்களுடையது. அக்காவை உங்கள் வீட்டில் லாத்தா என்பார்கள், அதையே நானும் பிடித்துக்கொண்டேன். கை இறாலில் இருக்கும், வாய் கதையில் இருக்கும். போனில் கதை ஆப்பில் வாராவாரம் நீங்கள் எழுதிய காதல் தொடர், அங்கே ஏறுவதற்கு முன்பே எங்கள் காதில் ஏறிவிடும். நாயகன் ரோஷன், ரத்தம் குடிக்கிறவன். வயது முந்நூறு, பார்த்தால் இருபத்தைந்து. வெயில் ஆகாது என்பதால் ஐஸ் கம்பெனிக்குள் ஒளிந்து வாழ்கிறான். இறால் உரிக்க வரும் நசீமாவைப் பார்த்த நாளிலிருந்து அவன் தொண்டையில் ஒரு சொட்டு ரத்தம் இறங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் என் ரத்தத்தத்தான் குடிக்கிறாரு. அவரப் பத்தி எவளும் எழுத மாட்டேங்குறாளே" என்று நான் வம்பு இழுப்பேன். அவனுக்குப் பூண்டும் ஆகாது என்று நீங்கள் சொன்ன அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பூண்டு ஆகாதவனுக்கு நம்ம ஊருல எவ லாத்தா பொண்ணு குடுப்பா?"

"அவன் சாப்புட வரலடி, காதலிக்க வாரான்."

"காதலிச்சா பசிக்காதாக்கும்?"

கொட்டகையே சிரித்தது. நீங்கள் இறால் தோலை அள்ளி என் மேல் எறிந்தீர்கள்.

அப்புறம் கதை ஒரு வாசலில் வந்து மாட்டிக்கொண்டது. வீட்டு ஆள் அழைக்காமல் ரோஷன் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது, அது அவன் இனத்துக்கு விதி. ஐஸ் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். விடியப்போகிறது, நசீமா வீட்டு வாசலில் நிற்கிறான். வெயில் பட்டால் சாம்பல். நசீமா கூப்பிட்டால் உள்ளே இருக்கும் அம்மாவின் கழுத்துக்கு ஆபத்து. கூப்பிடாவிட்டால் அவன் இல்லை. என்ன செய்வதென்று உங்களுக்கும் தெரியவில்லை. அதற்குள் வயிற்றுவலி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரி என்று அலைச்சல் வந்துவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டும் அவன் கவலைதான் உங்களுக்கு.

"அவன் வெளியவே நிக்கிறான்டி. நீ முடிச்சு வச்சுரு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு மகளை விட்டு ஆப்பைத் திறந்து படிக்கச் சொன்னேன். அடுத்த பாகம் எங்கே, எங்கே என்று ஒரே கூச்சல். ஒருத்தி, ரைட்டர் செத்துப் போய்ட்டாங்களா என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வரியில்தான் எனக்கு வீம்பு ஏறியது. ஆனால் வீம்பு இருந்து என்ன, வழி தெரிய வேண்டாமா? எத்தனையோ நாள் இறால் உரித்துக்கொண்டே அந்த வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒருநாள் காலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அடுப்படியில் இருந்த உங்கள் மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாங்க வாங்க, உக்காருங்க, சாப்புட்டுப் போகலாம்" என்றார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நம் ஊரில் எந்த அம்மா ஆளைப் பார்த்துவிட்டு 'வாங்க' சொல்லியிருக்கிறாள்?

அன்றைக்கே உங்கள் மாமியாரிடம் உங்கள் போனைக் கேட்டு வாங்கி, அதில் பேசியே கதையை முடித்தேன், லாத்தா. நசீமா வாயைத் திறக்கும் முன்பே, வாசல் பெருக்க வந்த அவள் அம்மா குனிந்த தலை நிமிராமல் 'வாங்க தம்பி' என்றுவிட்டாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "என்ன தம்பி, ஒடம்புல ரத்தமே இல்லையே" என்று பதறி, பூண்டு தட்டிப்போட்ட முதல் நாள் மீன் குழம்பை ஊற்றிச் சோற்றுத் தட்டை நீட்டினாள். கழுத்தைக் கடிக்க முந்நூறு வருஷம் பழகியவனுக்கு, ஒரு தாய் நீட்டிய தட்டை வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் வாயில் கண்ணில் தண்ணீர். இரண்டாம் வாயில் விக்கல். மூன்றாம் வாயில், நின்றுபோயிருந்த நாடி துடித்தது. சூரியன் வந்தது. அவனுக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

ஆப்பே அதிர்ந்துபோனது. அறந்தாங்கிக்காரர் ஒருவர் துபாயில் இருந்து எழுதியிருந்தார்: 'நேத்து வச்ச மீன் கொழம்புன்னா அவன் பொழச்சதுல ஆச்சரியமே இல்ல.' இன்னொருத்தி, முன்னைவிட இப்போது நன்றாக எழுதுகிறீர்கள் என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மேலே போட்டிருப்பது உங்கள் பெயர்தான். கொட்டகையில் அன்று நான் இறால் தோலைத் தலைக்கு மேல் தூக்கி வீசினேன், பூமாரி மாதிரி.

இப்போதெல்லாம் வாசலில் ஒரு நிழல் ஆடினால் போதும், முகம் பார்ப்பதற்கு முன்பே 'வாங்க' என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பால்காரர்தான். இருந்தாலும் இன்னொரு பிடி பூண்டு சேர்த்தே உரித்திருக்கிறேன், லாத்தா. வாங்க.