ஏழாம் மாதத்துக் கிரகணம்

கத்தரிக்கோலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் அம்மாவுக்கு,

முதலில் சந்தோஷமான செய்தி. எனக்கு இது ஐந்தாம் மாதம். வாந்தியெல்லாம் நின்றுவிட்டது, எந்நேரமும் பசிக்கிறது. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டதுமே என் உதட்டைத்தான் பார்த்திருப்பாய். மூக்குக்குக் கீழே அந்தத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது.

நான் உன் வயிற்றில் இருந்தபோது, ஒரு கிரகணத்தன்று தறியில் அறுந்த நூலை முடிந்துவிட்டு நுனியைக் கத்தரித்தாய். நான் மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்தேன். அப்பாவின் அக்கா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கிரகணத்துல நூல அறுத்தா, புள்ள உதடு அறுந்து போச்சு." நீ அதை நம்பினாய். ஆபரேஷன் முடிந்து, நான் நன்றாகப் பேசவும் உன்னோடு சண்டை போடவும் கற்றுக்கொண்ட பிறகும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுத்தாய்.

"நூலுக்கும் உதட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பேன்.

"ஏட்டி, எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேக்காத" என்பாய்.

கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? கல்யாணமானதும், பிள்ளை உண்டாவதற்கு முன்பே, திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் பிள்ளைக்கும் இது வருமா என்று கேட்டேன்.

"மத்தவங்கள விட வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனா வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார். பரம்பரையும் சுற்றுப்புறமும் சேர்ந்து வருகிறதாம். நிறையப் பேருக்கு இதுதான் காரணம் என்று எங்களாலேயே சொல்ல முடியாது என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வைக்க வேண்டும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார். மதுவும் புகையும் கூடவே கூடாது. உன் மருமகன் மெல்ல, "நான் வெளியிலதான் சிகரெட் குடிக்கேன் மேடம்" என்றார். "அது சட்டையோட வீட்டுக்குள்ள வருதுல்லா" என்று டாக்டரம்மா ஒரே போடாகப் போட்டார். இப்போது உன் மருமகன் புளிப்பு மிட்டாய் சப்புகிறார். இவ்வளவும் செய்தாலும் வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது, வாய்ப்பைத்தான் குறைக்கலாம்.

கிளம்பும்போது, உதடு எப்போது உருவாகும் என்று கேட்டுவைத்தேன். "ரெண்டாம் மாசத்துக்குள்ளயே கூடிரும். அண்ணம் மூணாம் மாசம் முடியுததுக்குள்ள" என்றார்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றி நீ எத்தனை தடவை அழுதிருக்கிறாய்? "வளைகாப்பு வளையல் குலுங்கக் குலுங்கக் கத்திரியத் தூக்கினேனே பாவி" என்பாயே. உனக்கு வளைகாப்பு ஏழாம் மாதம். நீ கத்தரியைத் தொடும்போது என் உதடு பிளந்தே பல மாதம் ஆகியிருந்தது, அம்மா. வீடு நிறையப் பிள்ளை பெற்றவர்கள் இருந்தும் ஒருவர்கூட மாதத்தை எண்ணிப் பார்க்கவில்லையே, ஏன்?

அப்படியென்றால் எனக்கு எங்கிருந்து வந்தது? உன் பெரியண்ணன் அவ்வளவு பெரிய மீசை வைத்திருந்தாரே, அதற்குக் கீழே ஏதாவது தழும்பு இருந்ததா? இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று கிரகணம். என் மாமியார் காலையிலேயே அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டார். மாதக் கணக்கை அவருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீ சொல்லுதது சரியா இருக்கும்ட்டி. ஆனா ஏதும் ஆச்சுன்னா ஊரு ஒன்னையத்தான கேக்கும்?"

"கேக்கட்டும் அத்தை. அவ ஒண்ணும் பண்ணலன்னு நீங்க சொல்லுங்க."

அவர் கிரகணம் விட்டதும் சாப்பிடக் கூப்பிட்டார். நீ அன்று நூலைத் தொடாமலே இருந்திருந்தாலும், உன்மேல் பழி போட வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள், இல்லையா?

அடுத்த வாரம் ஸ்கேன். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்களாம். உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடுமாம், அண்ணம் அவ்வளவு சுலபமாகத் தெரியாதாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என் பிள்ளை எந்த உதட்டோடு வந்தாலும், எப்படிப் பால் கொடுப்பது, எப்போது ஆபரேஷன் செய்வது என்று மட்டும்தான் கேட்பேன். நீ என்ன செய்தாய் என்று என்னைக் கேட்க ஒருவரையும் விடமாட்டேன். உன்னைக் கேட்டவர்களில் மிச்சம் இருப்பவர்களிடமும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். நீ ஒன்றுமே செய்யவில்லை, அம்மா.

இந்த உதட்டால் உன்னை முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்ட
உன் மூத்த மகள்,
கோமதி