கால் விட்டால் இருப்பேன்

வைகாசி, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கொடிகாமம் சந்தை மண் முழுக்க என் வாய்க்குள். வாழைக்குலை பாதிதான் விற்றது.

பின்னேரம் மனிசியும் நானும் ஐயர் வீட்டுக்கு. மகள் சுகியின் கலியாண விஷயம். பாயில் இருத்தினார். இருந்தவுடன் பழைய வருத்தம், கணுக்காலுக்குள் எறும்பு ஊர்வலம். எழும்பி நடந்தால் போகிறது, குந்தினால் திரும்பி வருகிறது. இரண்டு தரம் எழும்பி, முற்றத்துச் செவ்வரத்தையைப் பார்ப்பது போல நடித்தேன். எனக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

ஐயர் சொன்னது: "பொம்பிளையின்ரை தாய் தேப்பன் மணவறையிலை காலை மடிச்சுச் சப்பாணி கட்டி இருக்கவேணும். தாரை வார்த்து முடியுமட்டும் எழும்பப்படாது. சோடியாய் இருக்கவேணும், கண்டியளோ."

ஓம் என்றேன். நின்றுகொண்டு.

புதன்

சுகி பிடித்து இழுக்காத குறையாக ஆசுப்பத்திரிக்கு. இளம் பெண் டொக்டர். வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"அப்பா, தடிமன் குளிசை?"

"அது குளிசையே? குழந்தையளுக்கும் குடுக்கிறதெல்லோ."

"டொக்டர், இவர் ஒவ்வொரு நாளும் நித்திரைக்கெண்டு போடுறவர். நான் ஓ.எல். சோதினை எடுக்க முந்தியே தொடங்கினது."

தும்மலுக்கு வாங்கியதுதான். தும்மல் போய்விட்டது, குளிசை போகவில்லை. முதலில் ஒன்று, பிறகு இரண்டு.

டொக்டர் சிரிக்கவில்லை. "ஐயா, உதுதான் காலை இன்னும் குழப்புது. கால் உளைச்சல் கூடுதெண்டு நீங்கள் இன்னும் போடுறியள். அதாலை இன்னும் கூடுது. மெல்ல மெல்லக் குறையுங்கோ. இரும்புச்சத்துக்கு இரத்தமும் பார்ப்பம்."

"கலியாணத்துக்கு முதல் சரி வருமோ?"

"சொல்ல ஏலாது ஐயா."

இத்தனை வருடமாகக் கள்ளனுக்கு நானே கதவைத் திறந்து, தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளி

குளிசை இரண்டை ஒன்றாகக் குறைத்தாயிற்று. கண் எரிச்சல். எல்லாரிலும் கோபம், வாழைப்பழத்திலும்.

செய்ய வேண்டியது: பந்தல்காரனுக்கு போன். வாசலுக்குக் குலையோடு வாழை இரண்டு (வியாபாரி வீட்டிலேயே சின்னக் குலை என்று சனம் சிரிக்கும், பெரிதாகப் பார்க்க). வேட்டி. பன்னீர்ச் செம்பு, யாரிடமோ இரவல் போனது. யாரிடம்?

பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரன் என் காலைப் பார்த்துவிட்டு, "அண்ணை, தையல் மெசினே மிதிக்கிறியள்?"

"ஓமடா. உனக்குத்தான் கோவணம் தைக்கிறன்."

சந்தையே சிரித்தது. நானும்.

இரவுச் சாப்பாட்டில் சுகி பள்ளிக்கூடக் கதை எடுத்தாள். பரிசளிப்பு விழாவுக்கு நான் வரவே இல்லையாம். வந்தேன். கதிரையில் இருக்க முடியாமல், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நடந்துகொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது. அதைச் சொன்னேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா."

சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு

வீட்டில் பாய் போட்டு ஒத்திகை. மனிசி பக்கத்தில். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளை. பிறகு வலது கால் தானாக உதைத்தது. தண்ணீர்ச் செம்பு உருண்டது.

தம்பி தன் மனிசியோடு பார்த்துக்கொண்டு இருந்தான். "அண்ணை, நானும் இவளும் இருக்கட்டோ? சித்தப்பன்தானே, குறை இல்லை."

சுகி உருண்ட செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மனிசி: "தம்பி இருக்கட்டும் எண்டு நீங்கள் சொன்னால் அவள் ஒரு சொல்லும் கதையாள். மனதுக்கை வைச்சிருப்பாள்."

கால் விட்டால் இருப்பேன் என்றேன்.

புதன். கலியாணம்

வெயில். மழை வராததற்கு நன்றி.

விடியப் பயம் பிடித்துவிட்டது. சபைக்கு முன்னால் உதைத்தால்? டொக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் பழைய புத்தி. ஒன்று போட்டேன். வேட்டி கட்டியபின் இன்னும் ஒன்று.

மணவறையில் நித்திரை கண்ணைச் சொருகியது. கால் மட்டும் முழித்துக்கொண்டது. எறும்பு இல்லை, நெருப்பு. தொடையைக் கிள்ளினேன். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். என் அப்புவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

நான் எழும்பினால் மனிசியும் எழும்ப வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. சோடி. ஐயர் சொன்னவர்தான்.

தம்பியும் அவன் மனிசியும் எங்கள் இடத்தில் இருந்தார்கள். சுகியின் கையைத் தம்பி பிடித்துக் கொடுத்தான். தண்ணீரை வார்த்தது அவன் மனிசி.

என்னவள் இதற்கென்று வாங்கிய பச்சைப் பட்டோடு பந்தல் காலடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றதும் என் கால் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு அமைதி.

சனி

மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். நண்டுக் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி. நான் சாப்பாட்டுக் கோப்பையோடு நடந்து நடந்து சாப்பிட்டேன். "மாமா இருங்கோவன்" என்றான் பொடியன், பாவம்.

சுகியும் கோப்பையோடு எழும்பி வந்தாள். "அப்பா, அண்டைக்குப் போட்டனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை?"

"ரெண்டு."

என் கோப்பையில் ஒரு நண்டுக்காலை வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள்.

அவர்கள் போனபின் மனிசி: "குளிசைப் பெட்டி இனி என்னட்டை. அரைவாசி அரைவாசியாய்த் தருவன். கேட்டு வாங்குங்கோ."

கேட்டேன். தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.