சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மார்ச் 6
ஏரி இன்னும் இறங்கிவிட்டது. உறிஞ்சுகுழாயின் வாய்க்குக் கீழே சேறுதான். இனித் தெருக்குழாயில் காற்று வரும். குடிநீர் ஆய்வகத்தில் எனக்கு என்ன வேலை? வராத தண்ணீரைச் சோதிப்பதா?

மார்ச் 9
அக்கா தெருவில் பழைய கிணற்றைத் தூர்வாரிவிட்டார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கற்கண்டு மாதிரி இருக்கு, குடிச்சுப் பாருடா." கரிக்காவிட்டால் நல்ல தண்ணி. நம் ஆட்களுக்கு நாக்குதான் ஆய்வகம். கிணற்றை ஒட்டியே கழிவுக்குழிகள். ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். "உனக்குத் தாய்ப்பால்லயே சந்தேகம் வந்திருக்கும்" என்றாள்.

மார்ச் 10
நைட்ரேட். அனுமதித்த அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மறுபடி பார்த்தேன். அதேதான். நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. பெரியவர்கள் சமாளித்துவிடலாம். கைக்குழந்தைக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. அக்கா பையனுக்கு மூன்று மாதம். பால்மாவுதான். அதைக் கரைப்பது —
அக்கா போன் எடுக்கவில்லை. 'அந்தத் தண்ணி சரியில்ல, பாத்துக்கோ' என்று செய்தி போட்டேன். 'சரிடா' என்று வந்தது.
கிணற்றை மூடச் சொன்னேன். மேலதிகாரி சிரித்தார். "லாரி வராம மூடினா எதைக் குடிப்பாங்க தம்பி, உன் ரிப்போர்ட்டையா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 12
மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பாத்திரம். அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்.
"நீதானே சரியில்லன்னே? சுண்டக் காய்ச்சித்தான் குடுக்குறேன். ஒரு கிருமி தங்காது."
கிருமியா? இது கிருமியே இல்லையே. தண்ணீர் ஆவியாகும், இது ஆகாது. காய்ச்சக் காய்ச்ச ஏறும். ரெண்டு நாளா அதையே குடுத்திருக்கா. இன்னும் ஒரு வரி எழுதியிருந்தா என் விரல் தேஞ்சா போயிருக்கும்?
தொட்டிலில் பார்த்தேன். உதட்டில் நீல மை தொட்டது போல.
"குளிருதுன்னு நினைச்சேன்டா" என்றாள்.

அதே நாள், ஆஸ்பத்திரி வராந்தா
ஊசியில் ஏறிய இரத்தம் சிவப்பாக இல்லை. காப்பி டிகாக்‌ஷன் நிறம். நீல நிறத்தில் ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். மாமா என்னிடம் பேசவில்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

மார்ச் 13
உதட்டு நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கொஞ்சம்தான்.
யாரையும் கேட்காமல் கிணற்றில் பலகை கட்டினேன்: குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சியும் கொடுக்காதீர்கள்.
"இருந்த ஒண்ணுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேப்பா" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. குளிக்கலாம், துவைக்கலாம், காய்ச்சினால் ஏன் கூடும் — எல்லாம் முழுசாகச் சொன்னேன். அடுத்து வந்தவரிடமும். அதற்கடுத்தவரிடமும். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 14
அக்கா போன். "டேய், துணியெல்லாம் பச்சையா நனைச்சிருக்கான்டா."
நீல மருந்து வெளியேறினால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைக் கேட்கிறாள். என்னை.
ஆமாக்கா என்று வைத்துவிடாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னால் அவன் கத்தும் சத்தம். பசிக் கத்தல்.
"நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம். லாரி வந்துச்சாடா?"
வந்தது. வரிசையில் நின்று ஒரு குடம் பிடித்தேன். நைட்ரேட் சோதித்தேன், அளவுக்குள்தான். அவள் அடுப்படியில் இறக்கி, தட்டுப் போட்டு மூடினேன். திரும்பி வந்து தட்டைத் தூக்கி ஒருமுறை பார்த்தேன்.