தீவுக்காரர்களிடம் யார் கேட்டார்கள்?

அன்பு மருமகளே,

நேற்று பத்தாம் வகுப்பில், ஸ்பெயினிடமிருந்து மீட்க வந்ததாகச் சொன்ன அமெரிக்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தானே வைத்துக்கொண்ட பாடத்தை நடத்தினேன்.

“உதவி செய்யத்தானே போனாங்க டீச்சர்?” என்றான் ஒருவன்.

கடைசி பெஞ்சுப் பெண் அவனைப் பார்த்துத் திரும்பினாள். “அப்புறம் ஏன்டா கிளம்பல? அங்க இருக்கிறவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பிரசவத்துக்கு உதவியாக இரண்டு வாரம் என்று வந்தவள், மூன்று மாதம் தங்கினேன். உன் அடுப்படியை என் இஷ்டத்துக்கு மாற்றினேன். குழந்தைக்குப் பெயரும் நானே வைத்தேன். நீ அறைக்கதவை மட்டும் சாத்திக்கொண்டாய்.

நீ அனுப்பிய படத்தில் பேத்திக்கு இரண்டு பல் தெரிகிறது. பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

அவளுக்கு நீ என்ன பெயர் நினைத்து வைத்திருந்தாய்? எழுதம்மா. கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன்.

உன் அத்தை