இறங்குவதற்குள் ஒரு ஒப்பாரி

மார்ச் 3

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போனைப் பார்க்கத் தோன்றுகிறது. சென்னை சேனலிலிருந்து ஓயாமல் கால். செந்தமிழ் சனிக்கிழமை விண்வெளியிலிருந்து திரும்புகிறாள். எங்கள் தெருப் பெண். தாயில்லாத பிள்ளையை வளர்த்தது அவள் அத்தை ராசம்மாள். இன்னும் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள். மரக்காணத்துப் பகுதிநேர நிருபர் நான் என்பதால், அத்தையை விடாமல் பிடி என்கிறார்கள். இதை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார் செய்தி ஆசிரியர் ஜெயப்பிரகாஷ். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷமாய் நாயாய் அலைகிறேன்?

மார்ச் 4

உப்பளத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு சேனல்காரன் பிளாஸ்டிக் ஹெல்மெட் கொண்டுவந்து ராசம்மாள் தலையில் கவிழ்த்தான். இன்னொருத்தி, செந்தமிழுக்குக் கல்யாணம் எப்போ, வந்ததும் என்ன குழம்பு என்று கேட்டாள். மேலே போய் அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்று ஒருத்தராவது கேட்கணுமே! நானும் குழம்பைத்தான் கேட்டேன். சங்கரா மீனாம்.

மார்ச் 5

ஜெயப்பிரகாஷ் சார் 'ரெண்டு வெர்ஷன்' கேட்கிறார். நல்லபடியாய் இறங்கினால் போட ஒன்று. இறங்காவிட்டால் போட ஒன்று. எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரிக்கு முதல் குரல் ராசம்மாளுடையது என்று அவரிடம் உளறினது நான்தான். இப்போதே பாடவைத்து எடுத்து வை, எல்லாச் சேனலும் செய்வதுதான் என்கிறார்.

சாயங்காலம் ராசம்மாளிடம் போய்க் கேட்டேன். முகம் சுண்டிப்போனது.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஒப்பாரியா சத்யா? அவ வந்து இறங்கற வரைக்கும் என் வீட்டுக்குள்ள வராத."

மார்ச் 6

போன வருஷம் எங்கள் ஊர்ச் சடையப்பன் சாவில் ராசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பாடியது என் போனில் இருந்தது. அதை ஜெயப்பிரகாஷ் சாருக்கு அனுப்பிவிட்டேன். 'பழசு, வேறு சாவு, அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதித்தான் அனுப்பினேன். போடமாட்டார்கள். போடமாட்டார்கள்தானே?

மார்ச் 7

விண்கலம் கடலில் இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் சிக்னல் போகும், அது வழக்கம்தான்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சிக்னல் போச்சு. அந்த இடைவெளியில எங்க சேனல் அந்தப் பழைய ஒப்பாரியைப் போட்டுடுச்சு — 'தொடர்பு துண்டிப்பு! கதறும் அத்தை!' ராசம்மாள் வீட்டு டிவி முன்னாடி தெருவே உட்கார்ந்திருக்குது, நான் மட்டும் வாசல்ல. தன் ஒப்பாரியைத் தானே பார்த்தாள். வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடிச்சி, "செத்துட்டாளா? உனக்கு சேதி வந்துச்சா? சொல்லு" என்றாள். நான் டிவியைத்தான் பார்த்தேன்.

அப்புறம் பாராசூட் விரிந்தது. செந்தமிழ் கை அசைத்தாள். தெருவெல்லாம் பட்டாசு. ராசம்மாள் மட்டும் குழாயடிக்குப் போய், சாவு வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

மார்ச் 8

வேலை நிரந்தரம். 'செம விஷுவல்' என்று ஜெயப்பிரகாஷ் சாரின் மெசேஜ்.

மார்ச் 10

சாப்பாடு இறங்கவில்லை. காக்கை தலையில் தட்டினால் பொய்யாய்ச் சாவுச் சேதி சொல்லி அழவைப்பார்களே, தோஷம் கழிந்து ஆயுசு கூடுமே, இதையும் அப்படி நினைத்துக்கொள் என்றார் என் வீட்டுக்காரர் அசோகன். அதையே போய் ராசம்மாளிடம் சொன்னேன். வெட்கம் கெட்டவள் நான்.

"அவ நல்லாத்தான் இருக்கா, போன்ல பேசினா. நீ அவ ஆயுசுக்கா போட்ட?"

திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19

பக்கத்துத் தெரு கலியன் இறந்துவிட்டார். பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து, ராசம்மாள் முதலில் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் கண் கூடியிருந்தவர்களின் கைகளையே சுற்றிச் சுற்றி வந்தது. கலியன் மகள் அவள் மடியில் விழுந்து கெஞ்சினாள். ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

போனை நான் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பார்த்தாள். பொத்திய முந்தானையை எடுக்கவில்லை.

ஒப்பாரி இல்லாமலே பாடையைத் தூக்கினார்கள்.