சட்டைப் பையில் யாருடைய கண்ணாடி

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். என்னையும் அதில் சேர்க்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சேர்த்திருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது என்று எழுதச் சொன்னார். பெரியவள் கணக்கில் ஒருவழியாகத் தேறிவிட்டாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றாக வருகிறது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் பேசும்போது அத்தை ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்கள் காதுபடக் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் காகித ஆலையின் மாத இதழ் வந்தது. நீங்கள் மாற்றலாகிப் போன புது ஆலைக்கு இந்த முறை இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரம் பொருத்தும் படம், மரக்கன்று நடும் படம், அதற்குக் கீழே மனமகிழ் மன்றத்து ஸ்நூக்கர் போட்டிப் படம். இரட்டையர் பிரிவில் இரண்டாம் பரிசு. நீங்கள் நிற்கிறீர்கள். பக்கத்தில், பண்டகசாலைக் கண்காணிப்பாளர் என்று ஓர் அம்மாள்.

அங்கே போன புதிதில் நீங்கள் எழுதியது எனக்கு மறக்கவில்லை. ஸ்நூக்கர் மேசை இருக்கிறது, தூசி படிந்து கிடக்கிறது, நீ இல்லாமல் கியூ கோலைத் தொடவே தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று நான் இரண்டு முறை தலை வாரிக்கொண்டேன்.

சரி, மனிதருக்குப் பொழுது போக வேண்டும். ஆடினீர்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் உங்கள் சட்டைப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. ஒரு காம்பு வெளியே தொங்குகிறது. கருஞ்சிவப்புச் சட்டம். நீங்கள் கண்ணாடி போடுகிறவர் இல்லை. அந்த அம்மாள் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றியவர்கள்தான் அப்படிச் சுருக்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? நாள் முழுக்கத் தாளில் புள்ளி தேடுவதற்குத்தான் ஆலை எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. பரிசோதனைக் கூடத்து உருப்பெருக்கியை வைத்தும் பார்த்தேன். கிட்டத்தில் படம் வெறும் மைப் புள்ளிகளாகச் சிதறிவிட்டது, முகமே இல்லை. விலக்கிப் பிடித்தால் மறுபடியும் நீங்கள் இருவரும் வந்து நின்றுகொண்டீர்கள்.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்கு அப்படியா? அடிப்பதற்குக் குனிந்தால் என் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு பார்வையைக் குறுக்கே வெட்டும். அதனால் கிட்டத்துப் பந்துக்குக் கழற்றிவிட்டுக் கையைப் பக்கவாட்டில் நீட்டுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அடித்து நிமிர்ந்து மறுபடி கையை நீட்டினால் திருப்பித் தருவீர்கள். மேசையின் மறுகோடி எனக்கு வெறும் வண்ணத் தீற்றல். அங்கே என்ன கிடக்கிறது என்று காதருகே சொல்வீர்கள். நீங்கள் முதன்முதலாக என் பக்கத்தில் வந்து பேசியதே, "பிங்க் பந்து மறைஞ்சிருக்கு, நீலத்துக்குப் போங்க" என்றுதான். அந்த நீலம் எனக்குத் தெரியவில்லை. உங்களை நம்பித்தான் அடித்தேன். அப்புறம் கல்யாணமே செய்துகொண்டேன்.

அந்த அம்மாளுக்கும் காதருகே வந்துதான் சொன்னீர்களா? இல்லை, ஓர் அடி தள்ளி நின்றா? இப்படிக் கேட்பது சில்லறைத்தனம். தெரிந்தேதான் கேட்கிறேன்.

இங்கே மன்றத்தில் எல்லோரையும் கேலி செய்யும் நம் பாய்லர் அண்ணன் சும்மா இருப்பாரா? அந்தப் பக்கத்தைக் கிழித்து மன்றத்துப் பலகையில் ஒட்டிவிட்டார். "தங்கச்சி, மச்சான் அங்கேயும் கண்ணாடிக்குக் காவல் நிக்கிறாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து சின்னவளை ஒன்றுமில்லாததற்குத் திட்டினேன். அது உங்கள் கணக்கில் சேர வேண்டியது.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஸ்நூக்கர் ஆடுகிறவர்களுக்கென்றே ஒன்று செய்கிறார்கள். கண்ணாடி புருவத்துக்கும் மேலே ஏறி நிற்கும். எவ்வளவு குனிந்தாலும் விளிம்பு குறுக்கே வராது. எப்படிக் குனிவேன் என்று காட்டச் சொன்னார் கடைக்காரர். அத்தனை பேர் பார்க்க அவருடைய கண்ணாடி மேசைமேல் கியூ பிடிப்பதுபோல் குனிந்து காட்டினேன். வீட்டில் போட்டுக்கொண்டு வந்து நின்றால் பெரியவள், "அம்மா, தலைகீழா மாட்டியிருக்கே" என்றாள். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவன் வந்தா பயந்துடுவான்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் மேசை அந்தக் கோடிவரை பளிச்சென்று தெரிகிறது. பாய்லர் அண்ணனைத் தோற்கடித்துவிட்டேன். கடைசி பிங்க், எதிர் மூலைப் பாக்கெட்டில் சத்தமே இல்லாமல் விழுந்தது. நிமிர்ந்தேன். என்னையறியாமல் என் இடது கை பக்கவாட்டில் நீண்டு, விரல்களை விரித்துக்கொண்டு காத்திருந்தது. கண்ணாடி என் முகத்திலேயே இருக்கிறது, வாங்கவும் கொடுக்கவும் என்ன இருக்கிறது? பாய்லர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கேலி செய்யவில்லை. குனிந்து தன் கியூ நுனிக்குச் சாக் கட்டி தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்குக் கேலியே செய்திருக்கலாம்.

அடுத்த மாதம் இங்கே இரட்டையர் போட்டி. யாரோடு சேர்ந்து ஆடப் போகிறேன் என்று மன்றச் செயலாளர் கேட்டார். ஒற்றையரில் மட்டும்தான் ஆடுவதாகச் சொல்லிவிடத்தான் போனேன். வாய் முந்திக்கொண்டு உங்களைச் சொல்லிவிட்டது. லீவு கிடைக்குமா என்றார். வருவார் என்றேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

வருவதானால் வருகிறேன் என்று எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள், போனில் வேண்டாம். எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது சாதாரணக் குரலில் சரி என்று சொல்ல எனக்கு வராது. அந்தக் கண்ணாடி சின்ன விஷயமென்றால் சின்ன விஷயமென்று ஒரு வரி போதும், நம்பிவிடுவேன். பெரிய விஷயமென்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். தனியாக ஆட எனக்கு வந்துவிட்டது. பிடிக்கத்தான் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஈரச் சட்டையோடு இயந்திரக் கூடத்துக்குள் போகாதீர்கள். பண்டகசாலை அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கெட்டிக்காரராகத்தான் தெரிகிறார். நன்றாக ஆடட்டும், அடுத்த முறை முதல் பரிசே வாங்கட்டும். அவருக்கென்று நல்லதொரு துணை சீக்கிரம் அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி