பனியன் வேஸ்ட் மூடிய சாதம்

திங்கள், 13 ஜூலை 1998

காலையில் தூறல். வாங்க: அகார், ஸ்லைடு, அரைக் கிலோ துவரம் பருப்பு.

வீரபாண்டி பனியன் கம்பெனியில் சனிக்கிழமை மாலை ஷிஃப்டுக்குச் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு இரண்டே மணி நேரத்தில் வாந்தி. மீந்த சாதம் என் லேபுக்கு வந்தது. கிருமி வளர அகார் பிளேட்டில் போட்டாயிற்று. கேன்டீனில் சமைக்கும் செல்விக்கு விரலில் வெட்டுக்காயமாம். புண்ணிலிருந்து சோற்றுக்குப் போன கிருமிதான், வேறென்ன? மேனேஜரிடம் போனிலேயே சொன்னேன்.

"அப்ப அந்தம்மாவ இன்னைக்கே நிறுத்திப் போடறனுங்க மேடம்."

சாயங்காலம் ராயபுரத்தில் அண்ணனின் எக்ஸ்போர்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நம் குழுவுக்கு மெயில். உணவுக் கிருமி ஆராய்கிற ஆறு பேரோடு நான் ஆரம்பித்தது, இன்று நாற்பது பேர்! அண்ணனுக்கு அது எங்கே புரிகிறது. "ஃபாரின் பையர் மெயில் வரோணும் கண்ணு, போன் லைனை உடு."

செவ்வாய்

ஒரு ராத்திரிக்குள் ஐந்து பதில். குழுவில் உள்ள கொழும்பு அம்மாளிடமிருந்து இரண்டே கேள்வி. சாதம் எத்தனை மணிக்கு வடித்தது? எதைப் போட்டு மூடியிருந்தார்கள்?

நான் கேட்கவே இல்லை. சுருக்கென்றது.

மாலை பிளேட்டில் வளர்ந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புண் கிருமி என்றால் உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருக்க வேண்டும். இருந்ததெல்லாம் குச்சி குச்சி. அரிசியிலேயே இருப்பது, கொதித்தாலும் சாகாதது. அடக் கடவுளே, செல்வி!

புதன்

வீரபாண்டி. சாதம் வடிப்பது காலை பதினொன்றுக்கு, பரிமாறுவது மாலை ஏழுக்கு. அண்டாவைச் சுற்றியும் மேலேயும் பனியன் கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி மூட்டை. சாதத்தில் தெர்மாமீட்டரைச் சொருகினேன். வெதுவெதுப்பு. கிருமிக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி.

மேனேஜருக்கு ஒரே பெருமை. "வேஸ்ட்டு சும்மாதானுங்க கெடக்குது. சூடு ஆறாதுன்னு நாந்தானுங்க ஐடியா சொன்னேன்."

தப்பு அந்த மூட்டையில், செல்வி மேல் இல்லை, அவசரப்பட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று. "நாளைக்கே வரச் சொல்லிப் போடறனுங்க."

நேரே வேலம்பாளையத்தில் செல்வியின் லைன் வீடு. மன்னிப்புக் கேட்டேன். செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

"வெரலுக்கு உறை போட்டுத்தான் சோறு அள்ளுதேன்னு மேனேஜர்ட்ட சொன்னேன்லா. யாரு கேட்டா?"



வியாழன்

குழுவுக்கு எல்லாம் எழுதினேன். அவசரப்பட்டதை முதல் வரியிலேயே. அனுப்பும் முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், நான் ஆரம்பித்த குழுவாயிற்றே. மாலைக்குள் பதில் மேல் பதில். ஒருவரும் சிரிக்கவில்லை. தாங்கள் அவசரப்பட்ட கதையை மூன்று பேர் எழுதியிருந்தார்கள், இதுவரை யாருக்கும் சொல்லாததாம். புதிதாகச் சேர இரண்டு பேர். பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அண்ணன் தானாகவே நாற்காலியை விட்டு எழுந்து கொண்டான்.

வெள்ளி

நல்ல வெயில். பருப்பு இன்னும் வாங்கவில்லை.

மதியம் செல்வி லேபுக்கே வந்துவிட்டாள், கையில் தூக்குச்சட்டி. "வடிச்சு அரை மணிதான் ஆச்சு டாக்டரம்மா. மூடாமக் கொண்டாந்தேன். பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்காவ."

சட்டியை வைக்கும் முன் விரலை நீட்டிக் காட்டினாள். இந்தத் தடவை பார்த்தேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.